மூன்று பேர் வீட்டுக்கு இரண்டு இருக்கைக் கார்

கேள்வி: எனக்கு வயது 43. வீட்டில் மனைவி, பத்து வயது மகள். எட்டு வருடமாக ஐந்து இருக்கைக் கார் ஒன்று வைத்திருக்கிறோம். ஜப்பானின் சின்ன ஸ்போர்ட்ஸ் கார்கள் மேல் எனக்கு இளவயதிலிருந்தே ஆசை. இப்போது இரண்டு பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5 விலைக்கு வந்திருக்கின்றன. இரண்டுமே 2002-ஆம் வருடத்து வண்டிகள். ஒன்று 1,40,000 கிலோமீட்டர் ஓடியது, பார்வைக்குச் சுமார்தான். இன்னொன்று 38,000 மட்டுமே ஓடியிருக்கிறது, கண்ணாடி மாதிரி மின்னுகிறது, ஆனால் ஏழெட்டு வருடமாக ஷெட்டிலேயே நின்றதாம். ஹோண்டா எஸ்2000 ஒன்றும் கண்ணில் பட்டது. இருக்கிற காரை விற்றுவிட்டு இவற்றில் ஒன்றை வாங்கலாமா? மனைவி, “இது வீட்டுக்கு வாங்குற வண்டி இல்லை, உங்க ஆசைக்கு வாங்குற வண்டி” என்கிறார். நல்லது கெட்டது இரண்டையும் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

பதில்: இருக்கிற காரை விற்காதீர்கள். இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் “வாங்கலாமா” என்பதைவிட “விற்றுவிட்டு” என்ற சொல்தான் என்னை உறுத்தியது.

22 வருடமாக இந்த மாதிரி வண்டிகளை லிப்டில் ஏற்றி, அடியில் நின்று பிரித்துப் பூட்டுவதுதான் என் வேலை. ஆசையோடு வாங்க வருகிறவர்களையும் பார்க்கிறேன், இரண்டே வருடத்தில் வருத்தத்தோடு விற்க வருகிறவர்களையும் பார்க்கிறேன். விற்க வருகிறவர்களின் வண்டியில் பெரும்பாலும் பெரிய குறை இருக்காது. வீட்டுக்கு அது ஒன்றே கார் என்று வைத்துக்கொண்டதுதான் அவர்கள் செய்த பிழை. மூன்று பேர் இருக்கும் வீட்டில் இரண்டு இருக்கை மட்டும் இருந்தால், கிளம்பும் ஒவ்வொரு முறையும் ஒருவர் பின்தங்க வேண்டும், அல்லது வேறு வண்டிக்குச் சொல்ல வேண்டும். முதல் மாதம் அது பெரிதாகத் தெரியாது. ஆறாம் மாதம் அந்த வண்டியின் சாவியை எடுத்தாலே வீட்டில் பேச்சு நின்றுவிடும்.

மகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்தக் காரில் பின் இருக்கை கிடையாது. ஆகவே அவள் எப்போது ஏறினாலும் முன் இருக்கைதான், ஏர்பேக்குக்கு நேர் எதிரே. 12 வயது வரை பிள்ளைகளுக்குப் பின் இருக்கையே பாதுகாப்பு என்பது பரவலான அறிவுரை. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், நீங்கள் இருக்கும் இடத்தில் என்னவென்று பார்த்துக்கொள்ளுங்கள். சட்டம் இடம் கொடுத்தாலும் பெல்ட் அவள் தோள்மேல் படிகிறதா, கழுத்தில் உரசுகிறதா என்று பாருங்கள். சுமார் 145 சென்டிமீட்டர் உயரம் வரும்வரை பெரியவர்களுக்கான பெல்ட் பிள்ளைகளின் உடம்பில் சரியாக உட்காராது. ஆகவே தினமும் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடும் வேலையை இந்த வண்டிக்குக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். அதற்காகத்தான் பழைய கார் வேண்டும் என்கிறேன்.

இன்னொன்று. உங்கள் மனைவி சொன்னது சரி. இது ஆசைக்கு வாங்கும் வண்டிதான். அதை அப்படியே ஒப்புக்கொண்டு வாங்குங்கள். “பெட்ரோல் மிச்சமாகும், நிறுத்த இடம் குறைவாகப் போதும்” என்று வீட்டில் நியாயம் கட்டி வாங்கியவர்கள், டிக்கியில் இரண்டு பை வைத்ததும் அது நிறைந்துபோன அன்றைக்கு மாட்டிக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். ஆசை என்று சொல்லி வாங்கியதை யாரும் திரும்பக் கணக்குக் கேட்பதில்லை.

இரண்டு காரையும் வைத்துக்கொள்ள இடமும் பணமும் இருக்கிறது என்றால், என் பதில் தயக்கமில்லாமல் “வாங்குங்கள்”. ஏன் என்று சொல்கிறேன்.

1960-களில் பிரிட்டனிலிருந்து வந்த சின்ன ரோட்ஸ்டர்கள், அதாவது கூரை திறக்கும் இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார்கள், ஓட்டுவதற்கு அவ்வளவு இனிமையானவை. துணிக் கூரை, லேசான உடம்பு, கைக்கு அடங்கிய ஸ்டியரிங். ஆனால் ஆயில் ஒழுகும், ஒயரிங் கைவிடும், காலையில் ஸ்டார்ட் ஆகுமா என்பது அன்றைய அதிர்ஷ்டம். 1979-இல் பாப் ஹால் என்ற அமெரிக்க மோட்டார் பத்திரிகையாளர் மாஸ்டாவின் உயர் அதிகாரி கெனிச்சி யமமோட்டோவைச் சந்தித்தபோது, அந்த மாதிரி எளிமையான ரோட்ஸ்டர் ஒன்றை நீங்கள் செய்யலாமே என்றார். பத்து வருடம் கழித்து, 1989 பிப்ரவரியில் சிக்காகோ ஆட்டோ ஷோவில் எம்எக்ஸ்-5 வந்து நின்றது. 1.6 லிட்டர் எஞ்சின், 116 குதிரைத்திறன், எடை ஒரு டன்னுக்கும் குறைவு. பிரிட்டிஷ் வண்டியின் சுகம் அதில் இருந்தது, கூடவே தினமும் காலையில் ஸ்டார்ட் ஆனது. இந்தக் கடைசி விஷயம்தான் எல்லாவற்றையும் மாற்றியது. 2016 ஏப்ரலில் பத்து லட்சமாவது வண்டி தயாரானது. உலகில் மிக அதிகமாக விற்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் என்ற கின்னஸ் சாதனையும் இதற்குத்தான்.

அந்த எண்ணிக்கையால் வாங்குகிறவருக்கு நேரடி லாபம் உண்டு. உதிரி பாகம் கிடைக்கும், அசலாகவோ பழைய வண்டியிலிருந்து கழற்றியதாகவோ. இந்த வண்டியைப் பத்து முறை பிரித்துப் பார்த்த மெக்கானிக் கிடைப்பார். எந்த வருடத்து வண்டிக்கு என்ன நோய் வரும் என்பது எப்போதோ தெரிந்துபோன விஷயம். அரிதான ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியவர்கள் ஒரு ரப்பர் குழாய்க்காக நான்கு மாதம் காத்திருப்பதைப் பார்த்தால்தான் இதன் அருமை தெரியும்.

முதல் வண்டியின் தலைமைப் பொறியாளர் தோஷிஹிகோ ஹிராய். அவருடைய குழு கையில் எடுத்துக்கொண்ட சொல் “ஜின்பா இத்தாய்”. குதிரையும் அதன்மேல் இருப்பவரும் ஒரே உடம்பாவது என்று அர்த்தம். விளம்பர வாசகம் போலத் தோன்றும். வண்டியின் அடியில் நின்று பார்த்தால் அதற்காக அவர்கள் செய்த வேலை கண்ணுக்குத் தெரியும். எஞ்சினை முன் அச்சுக்குப் பின்னால் தள்ளி வைத்திருக்கிறார்கள், எடை முன்னும் பின்னும் ஏறக்குறைய சரிபாதியாக விழுவதற்காக. நான்கு சக்கரத்துக்கும் டபுள் விஷ்போன் சஸ்பென்ஷன், அதாவது ஒவ்வொரு சக்கரத்தையும் மேலே ஒன்று கீழே ஒன்று என்று இரண்டு கைகள் பிடித்திருக்கும். கியர்பாக்ஸிலிருந்து, பின் சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் வரைக்கும் நீளமான அலுமினியச் சட்டம் ஒன்று ஓடுகிறது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் எஞ்சினும் பின் அச்சும் தனித்தனியாக முறுக்கிக்கொள்ளாமல் ஒன்றாகவே இழுக்க வேண்டும் என்பதற்காக அது. மலிவு விலை வண்டி ஒன்றில் இவ்வளவு அக்கறை எடுத்ததை நினைத்தால் எனக்கு இன்றும் மரியாதை வருகிறது.

கியர் லீவரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. சாதாரணக் காரில் லீவர் ஒரு பக்கம், கியர்பாக்ஸ் ஒரு பக்கம், நடுவில் கேபிள். இதில் லீவர் நேராகக் கியர்பாக்ஸின் தலைமேலேயே நிற்கிறது. இரண்டிலிருந்து மூன்றுக்கு மணிக்கட்டை அசைத்தால் போதும், பல் போய் உட்காருவது உள்ளங்கையில் தெரியும். முதல் தடவை ஓட்டுகிறவர்கள் நிற்கும் வண்டியில்கூட கியரை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பார்கள். ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வளைவுக்குள் நுழையும்போது, முன் டயர் சாலையை எவ்வளவு பிடித்திருக்கிறது என்பது ஸ்டியரிங் வழியாக விரலுக்கு வரும். பின் சக்கரம் தள்ளுவது இடுப்பில் தெரியும், ஏனென்றால் நீங்கள் உட்கார்ந்திருப்பது கிட்டத்தட்ட அதற்கு முன்னாலேயே. ஐந்நூறு குதிரைத்திறன் வண்டிகளில் இதே உணர்வு வருவதற்கு, பொதுச் சாலையில் போகக் கூடாத வேகத்தில் போக வேண்டும். இதில் அனுமதித்த வேகத்துக்குள்ளேயே கிடைத்துவிடுகிறது. திறன் குறைவு என்று சிலர் குறை சொல்வார்கள், நான் அதை இந்த வண்டியின் பெரிய நன்மையாகவே எண்ணுகிறேன்.

இந்த வண்டியின் நன்மையும் தீமையும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன என்பதை மட்டும் நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின் இருக்கை இல்லை, இரும்புக் கூரை இல்லை, சத்தத்தைத் தடுக்கும் கனமான மெத்தைகள் இல்லை. அதனால்தான் எடை இல்லை. எடை இல்லாததால்தான் அந்த வளைவு அப்படி இருக்கிறது, பிரேக் பேடும் டயரும் நீண்ட நாள் வருகின்றன, சிறிய எஞ்சினே போதுமாக இருக்கிறது. அதே காரணத்தால்தான் நெடுஞ்சாலையில் பக்கத்தில் லாரி வந்தால் அதன் டயர் சத்தம் முழுவதும் காதுக்குள் வரும், மூன்று மணி நேரப் பயணம் முடிந்து இறங்கினால் தலை கனக்கும். சத்தத்தைக் குறைக்க மெத்தை ஒட்டி, பெரிய ஸ்பீக்கர் வைத்து, கனமான சக்கரம் மாட்டிக்கொண்டு வந்த வண்டிகள் உண்டு. அவற்றை ஓட்டிப் பார்த்தால் இரண்டு பக்கமும் இல்லாமல் நடுவில் தொங்கும். அப்படியே வைத்திருங்கள்.

மற்றச் சிரமங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன், இவை நீங்கள் ஊகிக்கக்கூடியவைதான். உட்காருவது என்பது கீழே இறங்குவது, எழுவது என்பது முழங்காலை நம்பி ஏறுவது. இடுப்பு, முழங்கால் வலி உள்ளவர்கள் யோசிக்க வேண்டும். நீங்கள் பார்க்கும் தலைமுறையில் ஸ்டியரிங்கை ஏற்றி இறக்க முடியாது. ஆறடிக்கு மேல் உயரம் என்றால் தொடை இடிக்கும், வாங்கும் முன் அரை மணி நேரமாவது உட்கார்ந்து பாருங்கள். டிக்கி சுமார் 144 லிட்டர். இரண்டு பேர் இரண்டு நாள் போய்வர மடங்கும் துணிப்பைகள் போதும், கெட்டியான பெரிய சூட்கேஸ் உள்ளே போகாது. உயரமான வண்டிகளின் ஹெட்லைட் இரவில் நேராக உங்கள் கண்ணாடியில் விழும். லாரிக்குப் பக்கத்தில் போகும்போது அந்த ஓட்டுநருக்கு நீங்கள் தெரியவே மாட்டீர்கள், ஆகவே அங்கே தயங்கி நிற்காமல் கடந்துவிடுங்கள் அல்லது பின்னாலேயே இருங்கள். துணிக் கூரையைக் கத்தியால் கிழித்துத் திருடுவார்கள். அதனால் நிறுத்திவிட்டுப் போகும்போது உள்ளே எதையும் வைக்காதீர்கள். பல சொந்தக்காரர்கள் கதவைப் பூட்டுவதே இல்லை, பையைவிடக் கூரை விலை அதிகம் என்பது அவர்களுக்குத் தெரியும். உச்சி வெயிலில் கூரையைத் திறந்து ஓட்டுவது படத்தில்தான் அழகு. காலை, மாலை, இரவு நேரங்கள்தான் இந்த வண்டிக்கு ஏற்றவை.

இப்போது நீங்கள் கேட்ட முக்கியமான விஷயம். 1,40,000 ஓடியதா, 38,000 ஓடியதா?

பத்துப் பேரில் ஒன்பது பேர் மின்னுகிற வண்டியைத்தான் எடுப்பார்கள். சில வருடங்களுக்கு முன் ஒருவர் அப்படி ஒரு சிவப்பு எம்எக்ஸ்-5 வாங்கி, “சும்மா ஒரு தடவை பார்த்துவிடுங்கள்” என்று என்னிடம் கொண்டுவந்தார். பெயின்ட் புதிது. எஞ்சின் சத்தம் சுத்தம். லிப்டில் ஏற்றினேன். கதவுக்குக் கீழே முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை நீளமாக ஒரு பெட்டித் தகடு ஓடும். வண்டியின் பலத்தில் பெரும்பங்கு அதில்தான், கூரை இல்லாத வண்டிக்கு இன்னும் அதிகம். ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் முன்பக்கத்திலிருந்து தட்டிக்கொண்டே போனேன். டங், டங், டங் என்று வந்த சத்தம் பின் சக்கரத்தை நெருங்கியதும் தொப் என்று மாறியது. கம்பி முனையை வைத்து லேசாக அழுத்தினேன், உள்ளே போய்விட்டது. வெளியே இழுத்தால் அதன் பின்னாலேயே காபிப்பொடி நிறத்தில் ஈரச் சேறு வடிந்தது. துருப்பிடித்த தகட்டின்மேல் புட்டி பூசி, அதன்மேல் பெயின்ட் அடித்து விற்றிருக்கிறார்கள். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. கையால் அந்த ஓட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அந்தத் துரு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால், அதை நீங்களே கண்டுபிடிக்கலாம். துணிக் கூரையின்மேல் விழும் மழைநீர் பின்பக்கம் இறங்கி, இருக்கைகளுக்குப் பின்னால் இரு ஓரத்திலும் உள்ள வடிகால் துளை வழியாக, உடம்புக்குள்ளேயே ஓடி, பின் சக்கரத்துக்குச் சற்று முன்னால் கீழே விழ வேண்டும். அந்தத் துளையில் இலைத் தூசியும் மண்ணும் அடைத்துக்கொண்டால் தண்ணீர் வழி மாறி அந்தப் பெட்டித் தகட்டுக்குள் இறங்கித் தங்கிவிடும். வெளியே பெயின்ட் பளபளக்க, உள்ளிருந்து வெளிப்பக்கமாகத் தகடு கரையும். மரத்தடியில் நின்ற வண்டிக்கு இது சீக்கிரம் வரும். சோதிக்கும் முறை எளிது. ஒரு பாட்டில் தண்ணீரை எடுத்து, கூரையைத் திறந்து, அந்த ஓரத்தில் மெதுவாக ஊற்றுங்கள். சில நொடிகளில் பின் சக்கரத்துக்கு முன்னால் தரையில் விழ வேண்டும். விழவில்லை என்றாலோ, கதவடியிலிருந்து கசிந்தாலோ, உள்ளே கம்பளம் நனைந்தாலோ எச்சரிக்கையாகுங்கள். அடைப்பு எடுக்கக் கனமான கம்பியைக் குத்தாதீர்கள், உள்ளே இருக்கும் குழாய் கழன்றுகொள்ளும். மெல்லிய நைலான் நரம்பு போதும்.

இரண்டாம் தலைமுறையில், அதாவது 1998 முதல் 2005 வரை வந்த வண்டிகளில், இன்னொரு இடமும் உண்டு. எஞ்சினின் இரு பக்கமும் முன்னோக்கி நீளும் சேஸிஸ் சட்டங்கள். உள்ளே கூடுதல் தகடு வைத்துத் தடிப்பாக்கியிருக்கிறார்கள், அந்த இடுக்கில் ஈரம் தங்குகிறது. மேலிருந்து பானெட்டைத் திறந்து பார்த்தால் தெரியாது, கீழே போய்த்தான் பார்க்க வேண்டும். வெல்டிங் செய்யலாம், ஆனால் எஞ்சினைச் சுற்றியுள்ளதைக் கழற்றிச் செய்யும் வேலை, செலவு கூடும். இந்த இரண்டு இடமும் கெட்டியாக இருந்தால், மற்றதெல்லாம் சரிசெய்யக்கூடிய சில்லறை வேலைகள்தான். இந்த எஞ்சின் 1,40,000-க்கெல்லாம் களைக்காது. ஆயில் ஒழுங்காக மாற்றியிருந்தால் அதைப்போல இரு மடங்கு ஓடிய எஞ்சின்களையும் நான் கையாண்டிருக்கிறேன்.

38,000 ஓடிய வண்டிக்கு வருவோம். எட்டு வருடம் நின்ற வண்டிக்கு வயதாவது நிற்கவில்லை. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று அச்சாகியிருக்கும். 2314 என்று இருந்தால் 2014-ஆம் வருடத்தின் 23-ஆம் வாரத்தில் செய்தது. பட்டன் நிறைய இருந்தாலும் ரப்பர் கட்டையாகியிருக்கும், மழையில் பிடிக்காது, நான்கையும் மாற்ற வேண்டும். பிரேக் தட்டைக் கவ்விப் பிடிக்கும் பின் பிரேக் காலிப்பரிலேயே ஹேண்ட் பிரேக் அமைப்பும் இருப்பதால் நின்ற வண்டியில் அது இறுகிக்கொள்ளும். பெட்ரோல் டாங்கில் பழைய பெட்ரோல் பிசின் போல ஒட்டியிருக்கும். கிளட்சின் கீழ் சிலிண்டர் ரப்பர் கசியும், இது இந்த வண்டிகளுக்குப் பழகிய நோய், பாகம் மலிவு, ஆனால் நடுவழியில் விட்டுவிடும். டைமிங் பெல்ட்தான், அதாவது எஞ்சினின் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூடவைக்கும் ரப்பர் பட்டைதான், பலரும் ஏமாறும் இடம். சுமார் 1,00,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்றுவது வழக்கம். 38,000-தானே ஓடியிருக்கிறது என்று அதை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். அப்படியென்றால் அந்த ரப்பர் பெல்ட் 2002-இல் மாட்டியது. அதை நம்பி ஒரு நாள்கூட ஓட்டக் கூடாது. மறுபக்கம் 1,40,000 ஓடிய வண்டியில் அது ஒரு முறையாவது மாறியிருக்க வேண்டும், பில்லைக் கேளுங்கள். பில் இல்லையென்றால் மாறவில்லை என்றே எண்ணிக்கொள்ளுங்கள்.

அதனால் என் தேர்வு ஓடிக்கொண்டிருக்கும் வண்டி. அடித்தகடு கெட்டியாக இருந்தால் மட்டும். அது அழுகியிருந்து, நின்ற வண்டி கெட்டியாக இருந்தால், தயங்காமல் நின்ற வண்டியை எடுத்து அதன் ரப்பர் பாகங்கள் எல்லாவற்றையும் மாற்றுங்கள். கிலோமீட்டரை வைத்து விலை பேசுவார்கள், நீங்கள் தகட்டை வைத்து முடிவு செய்யுங்கள். வாங்கும் விலையில் ஐந்தில் ஒரு பங்கை முதல் வருட வேலைகளுக்கென்று தனியே எடுத்துவைத்த பிறகே பேரத்தில் இறங்குங்கள்.

டிக்கியைத் திறந்தால் வலது ஓரத்தில் பேட்டரி இருக்கும். அதில் மெல்லிய குழாய்கள் செருகியிருக்கின்றனவா பாருங்கள். பேட்டரியின் ஆவி வண்டிக்கு வெளியே போவதற்கான குழாய்கள் அவை. யாராவது சாதாரண பேட்டரியை மாட்டி, குழாயைத் தொங்கவிட்டிருந்தால், அமில ஆவி டிக்கித் தகட்டைத் தின்றிருக்கும். அந்த ஒரு பார்வையிலேயே முந்தைய சொந்தக்காரர் எப்படிப்பட்டவர் என்று எனக்குத் தெரிந்துவிடும். ஓட்டும்போது கியர் லீவரைச் சுற்றிச் சூடான காற்று மேலே வந்தால், உள்ளே ரப்பர் உறை கிழிந்திருக்கிறது. அரை நாள் வேலைதான். உறையை மாற்றி, லீவரின் அடியில் உள்ள சின்னக் கிண்ணத்தில் ஆயில் ஊற்றினால் கியர் மறுபடி வெண்ணெய் போல விழும்.

எஸ்2000 பற்றி. 1999 முதல் 2009 வரை ஹோண்டா செய்த அற்புதமான வண்டி. டர்போ இல்லாத 2 லிட்டர் எஞ்சினில் 240 குதிரைத்திறன், 9,000 ஆர்பிஎம் வரை சுற்றும். 6,000-ஐத் தாண்டும்போது விடெக் என்ற வால்வு அமைப்பு மாறி, எஞ்சினின் குரலே வேறாகிவிடும். அதைக் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள், நானும் மறக்கவில்லை. ஆனால் அந்த 6,000-க்குக் கீழே அது அடக்கமான எஞ்சின்தான். தினப்படி சாலையில் நீங்கள் இருக்கப்போவது பெரும்பாலும் அங்கேதான். முதல் நான்கைந்து வருடத்து வண்டிகள் ஈரச் சாலையில் பின்பக்கம் வழுக்குவதற்குப் பெயர் போனவை, 2004-இல் சஸ்பென்ஷனை மாற்றினார்கள். வழுக்கும் வண்டியைத் தானே நேராக்க முயலும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் 2006-இல்தான் வந்தது. சமீப வருடங்களில் விலையும் நன்றாக ஏறிவிட்டது. விலை ஏறிய வண்டியை வெளியே எடுக்க மனசு வராது. கீறல் விழுமோ, யாராவது இடிப்பார்களோ என்று மூடி வைத்துவிடுவார்கள். பின்சக்கர ஓட்டம் உள்ள ஸ்போர்ட்ஸ் கார் உங்களுக்கு இதுதான் முதல் என்றால், எம்எக்ஸ்-5 போதும். அது தவறை மெதுவாகச் சொல்லித் திருத்தும். எஸ்2000 சொல்லாமலே திருத்தும்.

நீங்கள் கேட்கவில்லை என்றாலும், தேடும்போது கண்ணில் படும் என்பதால் மற்றவை பற்றி இரண்டு வரி. டொயோட்டா எம்ஆர்2-வில் எஞ்சின் முதுகுக்குப் பின்னால். வளைவின் நடுவில் பயந்து ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று விட்டால் பின்பக்கம் முன்னால் வந்துவிடும். 1999-க்குப் பிறகு வந்த மூன்றாம் தலைமுறையில் டிக்கி என்று சொல்ல ஒன்றுமே இல்லை, இருக்கைக்குப் பின்னால் சில அறைகள் மட்டும். மாஸ்டா ஆர்எக்ஸ்-7 கண்ணுக்கு எனக்குப் பிடித்த ஜப்பான் கார். ஆனால் பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுழலும் அதன் ரோட்டரி எஞ்சின் அமைப்பிலேயே கொஞ்சம் ஆயிலை எரிக்கும், முனை சீல்கள் தேயும், எஞ்சினைத் திறந்து கட்டத் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் மட்டுமே அதைத் தொடலாம். நிஸான் 350இஸட் பலசாலி, வேகமானது, ஒன்றரை டன் எடை. டிக்கியின் குறுக்கே ஒரு கனமான சட்டம் போகிறது. நீங்கள் தேடும் லேசான வண்டி அதுவல்ல. கொஞ்சம் கூடப் பணம் போட முடிந்தால் 2005 முதல் 2015 வரை வந்த மூன்றாம் தலைமுறை எம்எக்ஸ்-5-ஐப் பாருங்கள். உள்ளே இடம் சற்று அதிகம், டைமிங் பெல்ட்டுக்குப் பதில் செயின், 2006 முதல் தானாக மடங்கும் கெட்டிக் கூரை கொண்ட வகையும் உண்டு. ஆயில் அளவை மட்டும் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கம்பியை இழுத்துப் பார்க்க வேண்டும், அதில் ஆயில் குறைந்தால் எஞ்சின் தாங்காது.

வாங்கிய பிறகு ஓட்டுங்கள். வாரம் ஒரு முறையாவது, எஞ்சின் முழுதாகச் சூடாகும்வரை, அரை மணி நேரம். என்னிடம் வரும் மோசமான வண்டிகள் அதிகம் ஓடியவை அல்ல, நின்றவை.

1,40,000 ஓடிய வண்டியைப் பார்க்கப் போகும்போது ஒரு பாட்டில் தண்ணீர், ஒரு டார்ச், அடியில் படுக்க ஒரு பழைய போர்வை எடுத்துக்கொள்ளுங்கள். மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள். அன்றைக்கு மகளைப் பாட்டி வீட்டில் விடுங்கள். தண்ணீர் சரியான இடத்தில் விழுந்தால், தகடு டங்கென்று சத்தம் கொடுத்தால், சாவியை முதலில் மனைவியிடம் கொடுங்கள். கூரையைத் திறந்து, இருபது நிமிடம் அவர் ஓட்டட்டும். நீங்கள் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, கியர் மாற்றும்போது அவர் முகத்தைப் பாருங்கள். பார்த்ததை எனக்கு எழுதுங்கள்.